கம்பியில்லா ஆபீசின் கம்பிக் காவலர்

மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இயங்கிவந்த கடலோரச் சில்லறைத் தொழில் நல வாரியத்துக்கு எதிரி என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பெருச்சாளி. கீழே சுக்கைத் தின்று தின்று அலுத்துப்போன பெருச்சாளிகள் வாய்க்கு மாறுதல் தேடி மாடியேறி வந்து கம்ப்யூட்டரின் கம்பிகளைக் கடித்தன. தொண்ணூற்றாறில் கம்ப்யூட்டர் வந்தது. அந்த வருடமே மூன்று கீபோர்டுகளும் இரண்டு மவுஸ்களும் போயின. எர்ணாகுளத்திலிருந்த தலைமை ஆபீசுக்கு எழுதினார்கள். ஒன்றரை வருடம் யோசித்துவிட்டுத் தலைமை ஆபீஸ் பதில் அனுப்பியது. பெருச்சாளியைப் பிடிக்க வாரிய விதிகளில் இடமில்லை, ஆனால் வாரியத்தின் சொத்தைக் காக்க இடமுண்டு என்றது. அப்படித்தான் 'கம்பிக் காவலர்' என்றொரு பணியிடம் பிறந்தது. பத்து வருடமாக அங்கே ஃபைல் சுமந்துகொண்டிருந்த தினக்கூலி பாலையாவை அதில் தற்காலிகமாக உட்கார்த்தினார்கள்.

உட்கார்த்தினார்கள் என்பது பேச்சுக்குத்தான். நாற்காலி கிடையாது. காலை பத்து மணிக்குக் கம்பிகளை மேசையிலிருந்து தரையில் இறக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குச் சுருட்டி மேலே ஏற்ற வேண்டும். நடுவில் பெருச்சாளி தலை காட்டினால் காலைத் தரையில் தட்ட வேண்டும். பாலையா வந்த பிறகு ஒரு கம்பிகூடக் கடிபடவில்லை. இந்தச் சாதனையை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் நடக்காத ஒன்றுக்கு ஃபைல் கிடையாது.

பாலையாவின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்கு வந்த குடும்பம். இப்போது பள்ளுருத்தியில் ஒண்டுக் குடித்தனம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். ஆபீசில் பேசுவதும் மலையாளம்தான். அது பாலையாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே இங்கே தருகிறேன்.

அவருக்கு ஆசை என்று ஒன்றுதான். ஆபீஸ் வாசலில் சிவப்பு அட்டை போட்ட ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். நிரந்தர ஊழியர்களின் பேர் அதில் மையால் எழுதியிருக்கும். பாலையாவின் பேர் அதில் இல்லை. கிளார்க் சுமா தினமும் காலையில் முதல் வேலையாக ஒரு தனித்தாளில் 'இன்றைய தினக்கூலி' என்று தலைப்புப் போட்டு, கீழே அவர் பேரை அடிப்பாள். சாயங்காலம் அந்தத் தாளை ஆணியில் குத்திவிடுவார்கள். மாதம் முடிந்தால் தாள்கள் கிழிபடும். சிவப்பு அட்டைக்குள் ஏறிவிட வேண்டும் என்பதுதான் பாலையாவின் பாடு. ஐம்பது வயது முடிந்தால் நிரந்தரம் செய்ய விதி இல்லை. அவருக்கு 2003 மார்ச் 31-ல் ஐம்பது முடிகிறது.

"அந்தப் புஸ்தகத்துல பேரு ஏறுனா என்ன, தலையில கொம்பா முளைக்கும்?" என்று கேட்டாள் அவர் மனைவி காளியம்மை. அவள் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். யாருடைய புஸ்தகத்திலும் பேர் ஏறாமலே இருபது வருடம் ஓட்டியவள்.

"முளைக்காது. ஆனா நான் செத்தா ஆபீசுக்கு அரை நாள் லீவு விடுவாங்க. எல்லாரும் ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிப்பாங்க."

"நீ நிக்கிறதுக்குப் பதிலா அவுங்க நிப்பாங்களாக்கும்" என்றாள் காளியம்மை.

இரண்டாயிரத்தொன்று ஆகஸ்டில் வயர்லெஸ் வந்தது. கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, சோப்புப் பெட்டி அளவில் ரிசீவர் ஒன்று. கீபோர்டில் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் காற்றில் போய் ரிசீவரில் விழும். விழுந்ததற்கு அடையாளமாக ரிசீவரில் ஒரு சிவப்புப் பொட்டு கண் சிமிட்டும். எழுத்து திரையில் வரும். பெருச்சாளி கடிக்க எதுவும் இல்லை. நான் சொல்லவில்லை, அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பெருச்சாளியைத் தவிர மற்றதெல்லாம்.

தொடக்க விழாவுக்கு இயக்குநர் ரமேஷ்பாபு எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்தார். கழுத்தில் ரோஜா மாலையோடு அரை மணி நேரம் பேசினார்.

"மனிதனைக் கட்டிப்போட்டிருப்பது எது? கம்பி! இன்று முதல் இந்த ஆபீஸ் விடுதலை அடைகிறது. இனி ஊழியர் விரும்பிய இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் யாரும் தத்தம் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். ரிசீவரின் பின்பக்கத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கம்பி ஒன்று கிளம்பி, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போவதைப் பாலையா கவனித்தார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சாரே, இந்தக் கம்பி?"

இயக்குநர் குனிந்து பார்த்தார். "அது கம்பி அல்ல. கம்பியின்மையின் ஓர் அங்கம்" என்றார். சூப்பரின்டெண்டெண்ட் நாணு சார் இதை உடனே ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

பிறகு இயக்குநர் கீபோர்டில் தன் பேரை அடித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார். கலூரில் கடை வைத்திருக்கும் ஜிதின்தான் சாமான் சப்ளை செய்தவன். அவன் எட்டிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டான். "சாரே, இடையில தூண் நிக்குது. இந்த வெளிச்சம் தூணுக்குள்ள போகாது. கீபோர்டும் ரிசீவரும் ஒண்ணையொண்ணு பாக்கணும்."

பெருச்சாளிக்குப் பயந்து கம்ப்யூட்டர் பெட்டியை இரும்புக் கூண்டில் போட்டுத் தூணுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கூண்டு தரையோடு காரை பூசியது. கீபோர்டு இருக்கும் கவுண்டர், பொதுமக்கள் வரிசைக்கென்று வரைபடத்தில் அங்கீகரிக்கப்பட்டது. இரண்டையும் நகர்த்தத் தலைமை ஆபீஸ் அனுமதி வேண்டும். தலைமை ஆபீஸ் கழுத்தில் மாலையோடு எதிரில்தான் நின்றது. ஆனால் எழுத்தில் வந்தால்தான் அதற்குக் காது கேட்கும்.

அப்போது பாலையா லட்டுத் தட்டு வைக்க இடம் தேடி ரிசீவரைக் கையில் எடுத்தார். அது தூணுக்கு வெளியே வந்தது. சிவப்புப் பொட்டு சிமிட்டியது. இயக்குநரின் பேர் திரையில் வந்தது. இரண்டாம் தடவை கைதட்டல் எழுந்தது.

"ஆ! அப்படியே நில்லு பாலையா, கை கொஞ்சம் உயரட்டும்" என்றார் நாணு சார்.

அப்படியே நின்ற பாலையா அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் நின்றார்.

"சாரே, ஒரு ஸ்டூல் வாங்கித் தூணுக்கு இந்தப் பக்கம் போட்டா போதும்" என்று ஜிதின் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். நாணு சார் அவனை இரக்கத்தோடு பார்த்தார். புதுச் சாமான் வாங்கத் தடை இருந்த காலம் அது. ஸ்டூலுக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும். பாலையா ஏற்கெனவே இருக்கிறார்.

சாமான்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது அடுத்த சிக்கல் வந்தது. கவுண்டரில் வைக்கும் நகரக்கூடிய பொருள் எதுவானாலும் கட்டிவைக்க வேண்டும் என்பது வாரியத்தின் பழைய சுற்றறிக்கை. பேனாவை நூலில் கட்டியது அப்படித்தான். கம்பி உள்ள கீபோர்டு தன் கம்பியாலேயே கட்டுண்டு கிடந்தது. கம்பியில்லாதது நகரக்கூடிய பொருள். ஆகவே நாணு சார் ஆலப்புழைக் கயிறு இரண்டு முழம் வாங்கி, கீபோர்டை மேசைக் காலில் கட்டினார். மவுஸுக்குத் தனிக் கயிறு. பதிவேட்டில் 'கம்பியில்லா மவுஸ், ஒன்று, கயிற்றுடன்' என்று எழுதினார். கயிறு பெருச்சாளிக்குக் கம்பியைவிடப் பிடித்திருந்தது. வாரம் ஒரு கயிறு போயிற்று. கயிற்றைக் காக்கப் பணியிடம் இல்லை.

கீபோர்டுக்குப் பென்சில் பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்துபோகும் பொருள் என்பதால் பீரோவில் இருந்தது. காலையில் நாணு சார் பீரோவைத் திறந்து நான்கு பேட்டரி எடுத்து, சுமாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிப் பூட்டுவார். அவர் லீவு போட்ட நாளில் ஆபீஸ் முழுவதும் திறந்திருந்தும் மூடியிருந்தது. வரிசையில் நிற்கும் ஜனங்கள் கேட்டால், "பேட்டரி லீவு" என்பாள் சுமா.

மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து ரிசீவரில் அடிக்கும். அடித்தால் பொட்டு சிமிட்டாது. ஜன்னலை மூடினார்கள். இருட்டிவிட்டதால் டியூப்லைட்டைப் போட்டார்கள். டியூப்லைட் வெளிச்சமும் ரிசீவரைக் குழப்பியது. அதையும் அணைத்தார்கள். பிறகு கவுண்டர் முன்னால் யாராவது குறுக்கே போனால் எழுத்து அறுந்துபோகிறது என்று தெரிந்தது. உடனே 'பொதுமக்கள் இவ்விடம் நிற்கக் கூடாது' என்று பொதுமக்கள் கவுண்டரில் போர்டு மாட்டினார்கள். மூன்று மணிக்கு மேல் வந்தவர்கள், இருட்டில் ஒருத்தி கீபோர்டைத் தடவிக்கொண்டிருப்பதையும், அவளுக்கு எட்டடி தள்ளித் தூணோரம் ஒரு மனிதர் கையை உயர்த்தி நிற்பதையும், அந்தக் கையில் ஒரு சிவப்புப் பொட்டு கண் சிமிட்டுவதையும் பார்த்தார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

முதல் மாதம் பாலையாவுக்குக் கை வலித்தது. இரண்டாம் மாதம் தோள் வலித்தது. அப்புறம் வலி நின்றுபோயிற்று. முழங்கைக்குக் கீழே அது தன் கைதானா என்று சில சமயம் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் சோறு உண்ணும்போது இடது கை தானாகத் தோள் உயரத்துக்கு எழும். காளியம்மை அதைப் பிடித்து மடியில் இறக்கி வைப்பாள். முதலில் திட்டிக்கொண்டே செய்தாள். பிறகு பேசாமல் செய்தாள்.

ஆனால் ஒன்று. நாளெல்லாம் பொட்டைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு அதன் பாஷை கொஞ்சம் புரிந்துவிட்டது. காலையில் முதலில் அடிபடுவது அவர் பேர்தானே. சுமா வேகமாக நாலு தட்டுவாள். அடுத்த எழுத்து எங்கே என்று தேடி ஒரு மூச்சு நிற்பாள். மறுபடி மூன்று தட்டுவாள். நாலு, ஒரு நிறுத்தம், மூன்று. அது தினமும் உள்ளங்கையில் சிமிட்டும்போது பாலையாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். தாளாகவே இருக்கட்டும், பேர் தன் கை வழியாகத்தானே உள்ளே போகிறது.

"சாரே, என் ஃபைலு?" என்று மாதம் ஒரு தடவை கேட்பார்.

"நகருது பாலையா, நகருது" என்பார் நாணு சார். "நீ கையை நகத்தாதே."

பிப்ரவரியில் சுமா அவரிடம் மெதுவாகச் சொன்னாள். "பாலையா சேட்டா, ஃபைல் எர்ணாகுளத்துல இயக்குநர் மேசைக்குப் போயாச்சு. அடுத்த மாசம் அவர் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றார். நேர்ல பாத்தா கையெழுத்துப் போட்டுடுவார்." பாலையா அன்று போகும் வழியில் காளியம்மைக்கு அரைக் கிலோ கப்பைக் கிழங்கும் மத்தி மீனும் வாங்கிப் போனார். சட்டையைக் கஞ்சி போட்டு வைக்கச் சொன்னார்.

மார்ச் இருபத்தேழாம் தேதி இயக்குநர் வந்தார். கஞ்சி போட்ட சட்டையில் பாலையா தூணோரம் நின்றார். வழக்கத்தைவிடக் கையை இரண்டு விரற்கடை உயர்த்தியே வைத்திருந்தார். இயக்குநர் கீபோர்டைத் தட்டிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு ஃபைலைப் புரட்டினார்.

"கம்பிக் காவலர்னு ஒருத்தர நிரந்தரம் செய்யணும்னு எழுதியிருக்கீங்க. யார் அது?"

"இவர்தான் சார்" என்றார் நாணு சார்.

"இந்த ஆபீஸ் கம்பியில்லாத ஆபீஸ் இல்லையா?"

"ஆமா சார்."

"நான்தானே திறந்துவைச்சேன்?"

"ஆமா சார்."

"அப்ப இவர் எதைக் காக்கிறார்?"

பாலையாவின் கையிலிருந்து கம்பி ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் அதைப் பார்த்தார். நாணு சாரும் பார்த்தார். இருவருக்கும் அது கம்பியின்மையின் ஓர் அங்கம் என்று நினைவுக்கு வந்தது.

"சாரே, நான் இதைப் பிடிக்கலேன்னா எழுத்து விழாது" என்றார் பாலையா.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே அல்ல. பாலையாவின் தோளைத் தொட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "பாருங்க, உங்க உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனா ஒரு ஆள் பிடிச்சாத்தான் வயர்லெஸ் ஓடும்னு நான் கையெழுத்துப் போட்டா, வயர்லெஸ் ஓடலேன்னு அர்த்தம் ஆகும். ஓடுதுன்னு நான் ஏற்கெனவே மேலே எழுதிட்டேன். பதினாறு கிளைக்கும் வாங்கியாச்சு. ஒரு மனுஷனுக்காக உண்மையை மாத்த முடியுமா? மனசிலாயோ?"

பாலையாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் புரிந்ததாகத் தலையாட்டினார். பெரியவர்கள் கேட்டால் அப்படித்தான் ஆட்டுவது.

இயக்குநர் படகுக்குப் போனதும் நாணு சார் உத்தரவைச் சொல்லச் சொல்லச் சுமா அடித்தாள். அவள் தலை நிமிரவில்லை. பாலையாவுக்குத் திரை தெரியாது. அதன் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. உள்ளங்கையில் பொட்டு சிமிட்டுவது மட்டும் தெரிந்தது. வளவளவென்று என்னவோ ஓடிற்று. அரசுத் தாள்களுக்கே உரிய நீண்ட வரிகள். அப்புறம் நாலு, ஒரு நிறுத்தம், மூன்று. தன் பேர். பதினைந்து வருடமாகக் காலையில் மட்டும் வந்த பேர் சாயங்காலம் நாலு மணிக்கு வருகிறது. ஒரு கணம், ஒரே கணம், இது நிரந்தர உத்தரவாக இருக்குமோ என்று நினைத்தார்.

பொட்டு சட்டென்று நின்றது.

"எந்தா பாலையா, எழுத்து விழலே. கை கொஞ்சம் உயரட்டும்" என்றார் நாணு சார்.

கை தணிந்திருந்ததே அவருக்குத் தெரியவில்லை. உயர்த்தினார். பொட்டு மறுபடி ஓடிற்று.

உத்தரவு பிரிண்டாகி வந்தது. கம்பி இல்லாமையால் கம்பிக் காவலர் பணியிடம் ஒழிக்கப்படுகிறது. அதிலிருந்த பாலையா இன்று பிற்பகல் முதல் விடுவிக்கப்படுகிறார். நாணு சார் ரிசீவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பதிவேட்டில் பாலையாவிடம் கையெழுத்து வாங்கினார். இடது கை கீழே இறங்க மறுத்ததால் அதை உயர்த்தியபடியே வலது கையால் போட்டார். "நான் எழுதிப் பாத்தேன் பாலையா, சத்தியமா" என்று நாணு சார் முணுமுணுத்தார். அது பொய்யல்ல. அவர் எல்லாவற்றையும் எழுதித்தான் பார்ப்பார்.

வீட்டில் காளியம்மை உத்தரவைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல உன் பேரு இருக்கா?"

"இருக்கு."

"பொறவு என்ன" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே நெடுநேரம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கழுவிய பாத்திரங்களைத்தான் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அவள் ஹோட்டலில் பேசி வைத்தாள். வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். முன்பு வேலை பார்த்ததற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். பாலையா மறுபடி மட்டாஞ்சேரிக்கு வந்து, முதன்முறையாகக் கவுண்டரின் இந்தப் பக்கத்து வரிசையில் நின்றார்.

கவுண்டரில் புது போர்டு ஒன்று தொங்கியது. 'மக்கள் பங்கேற்புத் திட்டம்: சான்றிதழ் கோருவோர், தம் சான்றிதழ் டைப் ஆகும்வரை ரிசீவரைத் தாமே பிடித்துக்கொள்ள வேண்டும்.' அதற்கென ஒரு விண்ணப்பப் படிவமும் இருந்தது. வரிசையில் முன்னால் நின்ற பூண்டு வியாபாரி சீனியம்மாள் தூணோரம் போய் ரிசீவரைப் பிடித்தாள். கிடுகிடுவென்று கை ஆடியது. எழுத்து பாதி விழுந்தது, பாதி காற்றோடு போயிற்று. மூன்று தடவை அடித்தும் தேறவில்லை. "நாளைக்கு வாங்க அம்மா, கையைப் பழக்கிட்டு வாங்க" என்றார் நாணு சார்.

பாலையாவின் முறை வந்தது. ரிசீவரை வாங்கினார். கை அது பாட்டுக்கு எழுந்து தன் உயரத்தில் நின்றது. சுமா அவரைப் பார்க்காமல் அடித்தாள். ஒரு எழுத்தும் தப்பவில்லை. சான்றிதழ் வந்தது. இல்லாத கம்பியைக் காத்ததாக எழுத விதியில்லை என்பதால், 'பாலையா என்பவர் 1988 முதல் 2003 வரை இவ்வலுவலகத்துக்கு வந்துபோனார்' என்றிருந்தது. மடித்துப் பையில் வைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க பிடிச்சா நல்லா விழுது. எனக்கும் ஒருவாட்டி பிடிங்களேன், நாளைக்கும் வந்தா எனக்கு யாவாரம் போகும்" என்றாள் சீனியம்மாள். பின்னாலிருந்து இன்னொருவர், "எனக்கும் சேட்டா" என்றார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர் இருந்தார்கள். நாணு சார் ஃபைலில் எதையோ தேடினார். பொதுமக்களில் ஒருவர் மற்றொருவருக்காகப் பிடிப்பதைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

பாலையா பிடித்தார். மத்தியானம் யாரோ சாயா வாங்கித் தந்தார்கள். வலது கையால் குடித்தார். மூன்று மணிக்கு ஜன்னலை மூடி விளக்கை அணைத்தார்கள். வரிசை தீர்ந்தது. மார்ச் மாத அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் அது. இதை மட்டும் அடித்துவிடலாம் என்று நாணு சார் சுமாவிடம் சொன்னார். பாலையாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"கம்பியில்லாத் திட்டம் இக்கிளையில் எவ்வித ஆள் உதவியும் இன்றி வெற்றிகரமாக..." என்று நாணு சார் இருட்டில் சொல்லிக்கொண்டே போனார். பாலையாவின் உள்ளங்கையில் பொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு, ஒரு நிறுத்தம், மூன்று எங்காவது வருமா என்று பார்த்தார். அறிக்கை மூன்று பக்கம். கடைசி வரிவரை பார்த்தார். வரவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. அவர் ரிசீவரின் கம்பியைச் சுருட்டி மேசைமேல் ஏற்றி வைத்துவிட்டுப் பள்ளுருத்தி பஸ்ஸுக்குப் போனார்.